நாலு விக்கெட் வாத்தியார்!

ஆடினது ரெண்டே டெஸ்ட். எடுத்தது நாலே விக்கெட். ஒன்டே மேட்ச்சும் நாலுதான், அதுல ஒரே ஒரு விக்கெட்! 'இதுக்கு நம்ம பென்னாகரம் பக்கம் டென்னிஸ் பால்ல கலக்குற பசங்களே தேவலையே'னு நக்கல் பண்றீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ். இந்திய வேகப்பந்து வீச்சைப் பார்த்து ஆஸ்திரேலியாவே மிரண்டுச்சே... அப்போ டீமோட பௌலிங் கோச்சா இருந்த பரத் அருணோட ரெக்கார்டு இது!

1986 டிசம்பர், கான்பூர். இலங்கைக்கு எதிரா முதல் டெஸ்ட். தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் அருணுக்கு அப்போ 24 வயசு. அடுத்த மாசமே டெஸ்ட் வாழ்க்கை முடிஞ்சு போச்சு. 1987-88 சீஸன்ல ரஞ்சிக் கோப்பை ஜெயிச்ச தமிழ்நாட்டு டீம்ல இருந்தார். ஆனா, இந்திய டீம் கதவு திரும்பத் திறக்கவே இல்லை.

அமெரிக்க பேஸ்பால்ல, பந்து எறியறவங்களுக்குன்னே 'பிட்ச்சிங் கோச்'னு ஒருத்தர் இருப்பார். பெரும்பாலும் தானும் ஒரு காலத்துல எறிஞ்சவராத்தான் இருப்பார். கிரிக்கெட்ல அதே நாற்காலிதான் பௌலிங் கோச். அருண் உட்கார்ந்தது அதுலதான். தமிழ்நாட்டு டீமுக்குப் பயிற்சியாளர், 2012-ல அண்டர்-19 உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல வேலைன்னு படிப்படியா மேலே வந்தார். 2017-ல ரெண்டாவது தடவையா இந்திய டீமோட பௌலிங் கோச் ஆனப்போ, 'இவர் எத்தனை விக்கெட் எடுத்தவர்?'னு கேட்டவங்க உண்டு.

பதில் 2018-ல வந்துச்சு. அந்த ஒரே வருஷத்துல டெஸ்ட்ல பும்ரா 48, ஷமி 47, இஷாந்த் 41 விக்கெட். கூட்டிப் பாருங்க... 136! 1984-ல வெஸ்ட் இண்டீஸோட மார்ஷல், கார்னர், ஹோல்டிங் மூணு பேரும் சேர்ந்து எடுத்த 130-ஐத் தாண்டிடுச்சு.

பிரிஸ்பேன் பரீட்சை

ஆனாலும், நிஜமான பரீட்சை 2021 ஜனவரியில பிரிஸ்பேன்லதான். பும்ரா, ஷமி, இஷாந்த், அஸ்வின்னு பெரிய தலைகள் யாருமே ஆடலை. வேகப்பந்து வீச்சுக்கு சீனியர் யாருன்னா, ரெண்டே டெஸ்ட் ஆடியிருந்த சிராஜ்! அந்த சிராஜ் யாரு? 2016-17 ரஞ்சி சீஸன்ல 41 விக்கெட் சாய்ச்சப்போ, அவரோட ஹைதராபாத் டீமுக்குக் கோச் நம்ம அருண்தான்.

கூடவே, நமக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர், சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பால்ல ஆரம்பிச்சவர். ரஞ்சியில அறிமுகமானதும் 'ஆக்‌ஷன் சரியில்லை'னு புகார் வந்து, முன்னாள் வீரர்கள் உதவியோட ஆக்‌ஷனையே திருத்திக்கிட்டு வந்தவர். பிரிஸ்பேன்லதான் அவருக்கு முதல் டெஸ்ட். வாஷிங்டன் சுந்தருக்கும் அதேதான். சிராஜ் 6, ஷர்துல் 7, சுந்தர் 4, நடராஜன் 3... ஆக, 20 விக்கெட்டும் காலி! 1988-க்கு அப்புறம் அந்த மைதானத்துல தோத்ததே இல்லாத ஆஸ்திரேலியா அன்னிக்குத் தோத்துச்சு.

விஷயம் இதுதாங்க. நல்லா ஆடுறது ஒரு திறமை. இன்னொருத்தன் பந்து ஏன் லெக் சைடுல போகுதுன்னு கண்டுபிடிச்சு, அவனுக்குப் புரியுற மாதிரி சொல்றது முற்றிலும் வேற திறமை. ஸ்கோர்போர்டுல அதுக்குக் கட்டம் கிடையாது. யூனிவர்சிட்டி டீம்ல இடம் கிடைக்கலைன்னு கிட் பேக்கைப் பரண்ல போடுற ஃபைனல் இயர் நண்பர்களே... பாட்டியாலாவுல இருக்கிற நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்துல கோச்சிங்குக்குன்னே டிப்ளமோ இருக்கு. நடராஜனே 2023-ல சொந்த ஊர்ல பசங்களுக்காக ஒரு கிரவுண்டு திறந்துட்டார்.

ஞாயித்துக்கிழமை மேட்ச்ல எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்னு, 'டேய், முன்னங்காலை நேரா வைடா'னு கத்துற சீனியர் அண்ணனை இனிமே கலாய்க்காதீங்க. சொல்றதைக் கொஞ்சம் கேட்டுத்தான் பாருங்களேன்!