தேய்ந்த சப்பாத்துக்கு மறுவாழ்வு

மாத்தளை மாவட்டம் மலையும் பாறையும் மலிந்த நிலப்பகுதி. வடக்கே, சமவெளியின் நடுவே சுமார் 180 மீற்றர் உயர்ந்து நிற்கிறது சீகிரியாக் குன்று. அதற்கு அயலே பிதுரங்கலைப் பாறை. தென்கிழக்கே முகில் தவழும் நக்கிள்ஸ் மலைத்தொடர். இவற்றின் கல் பெரும்பாலும் நைஸ் எனப்படும் உருமாறிய பாறை வகையைச் சேர்ந்தது. அது வன்மை மிக்கது, சொரசொரப்பானது, தன்மேல் உரசும் எதனையும் அரம்போல் அராவ வல்லது.

காலின் அருமையை இம்மாவட்டம் நெடுங்காலமாக அறியும். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நாட்கணக்காக நடந்து மாத்தளையை அடைந்தனர். அந்த வழியை அளந்தவை பெரும்பாலும் வெறுங்கால்களே. அதே மண்ணில் இன்று பாறையேறுதலை ஒரு விளையாட்டாகப் பயிலும் இளைஞரும் யுவதியரும் உளர். சீகிரியா பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னமாதலால் அங்கே படிவழியே ஏறுவதுதான் முறை. அனுமதியுள்ள பிற பாறைகளிலேயே பயிற்சி நடைபெறல் வேண்டும். அப்பயிற்சிக்கு இன்றியமையாத கருவி காலிலே அணியும் சப்பாத்து. அது தேய்ந்தபோது என்ன செய்வது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

பாதம் வழுவினால் உயிர் வழுவும் என்பதை மலையேறுவோர் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். 1935ஆம் ஆண்டு அல்ப்ஸ் மலையின் புண்டா ரசிக்கா என்னும் சிகரத்திலே திடீரெனப் பனிப்புயல் மூண்டது. பனியிலும் பாறையிலும் இறங்குவதற்கு ஏலாத காலணிகளுடன் அகப்பட்ட குழுவினருள் அறுவர் குளிரால் மாண்டனர். அவர்களுடைய தோழரான விட்டாலே பிரமானி என்னும் இத்தாலியர் 1937ஆம் ஆண்டு ஆழ்ந்த வரிகளையுடைய இறப்பர் அடித்தட்டொன்றை ஆக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துக்களை இணைத்து அமைந்ததே ‘வைப்ரம்’ என்னும் வணிகப் பெயர். அது மலைநடைக்குரிய கனத்த சப்பாத்து. செங்குத்தான பாறைக்கு வேறுவகை வேண்டும் எனக் கண்டு, மென்மையான சிறு சப்பாத்தை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சைச் சேர்ந்த பியேர் அலேன்.

பாறையேறும் சப்பாத்தின் அடியில் வரிகள் இல்லை, வழுவழுப்பாகவே இருக்கும். இது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம். காரணம் எளிது. மென்மையான இறப்பர் அழுத்தப்படும்போது கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்கிறது. எவ்வளவு பரப்புக் கல்லைத் தொடுகிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பு உறுதியாகும். வரிகள் வெட்டினால் தொடும் பரப்புக் குறைந்துவிடும். ஆனால் பிடிப்பு மிகுந்த மென்மையான இறப்பர் விரைவில் தேயும். தேயாத கடின இறப்பரோ வழுக்கும். நன்கு பற்றும் சப்பாத்து தேய்ந்தே தீரும்.

புதிய சப்பாத்தின் அடித்தட்டு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதற்கு மேலே பெருவிரலைச் சுற்றி விளிம்புப் பட்டை என்னும் மெல்லிய இறப்பர்த் தகடு ஒன்று உண்டு. அதற்கும் உள்ளே இருப்பது தோல் அல்லது துணி. அடித்தட்டு தேய்வதற்கென்றே அமைந்தது. ஆதலின் அதை எளிதில் மாற்றலாம். விளிம்புப் பட்டையோ சப்பாத்தின் வடிவத்தைக் காத்து நிற்பது. அது கிழிந்தால் பழுதுபார்க்கும் செலவு ஏறும். காலுக்கு இசைந்திருந்த அமைப்பும் மாறக்கூடும். தோலும் துளைபட்டுவிட்டால் சப்பாத்தை மீட்பது அரிது.

ஆகவே முழு வித்தையும் காலமறிந்து செய்வதில் அடங்கியுள்ளது. வாரம் ஒருமுறை சப்பாத்தை வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலின் கீழ்ப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். கூர்மையாயிருந்த ஓரம் உருண்டு போயிருந்தால் அது முதல் எச்சரிக்கை. அடித்தட்டும் விளிம்புப் பட்டையும் சந்திக்கும் கோட்டைத் தேய்வு நெருங்கியிருந்தால் அது இறுதி எச்சரிக்கை. அந்நிலையிலேயே சப்பாத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட வேண்டும். “இன்னும் ஒரு கிழமை போகட்டும்” என்று தாமதிப்பவர் அடித்தட்டோடு பட்டையையும் இழப்பார். காலமறிந்து மாற்றினால் ஒரு சோடிச் சப்பாத்துக்கு இரண்டு முறையேனும் புதிய அடி இடலாம்.

இப்பணி நடைபெறும் முறை வருமாறு: முதலிற் சப்பாத்தைக் கழுவி நன்கு உலர்த்துவர். அளவாகச் சூடேற்றிப் பழைய பசையை இளக்கி, தேய்ந்த முன்பாதியை மெதுவாக உரித்தெடுப்பர். பட்டை பழுதுற்றிருந்தால் அதையும் புதுப்பிப்பர். பின்னர் ஒட்டவேண்டிய இரு பரப்புக்களையும் அராவிச் சொரசொரப்பாக்கித் தூசு நீக்கிப் பசை பூசுவர். பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டலாகாது. தொட்டால் விரலிற் படாத அளவுக்கு அது உலர்ந்த பின்னரே மீண்டும் சூடு காட்டி, அச்சுக்கட்டையில் ஏற்றிய சப்பாத்தின் மீது புதிய இறப்பரைப் பொருத்தி வலுவாக அழுத்துவர். இறுதியில் மிகுந்த ஓரத்தை வெட்டி, அராவிக் கூர்மையாக்குவர். பசை முழு வலிமை பெற ஓரிரு நாட்கள் செல்லும். அதற்குமுன் பாறையேறுதல் ஆபத்து.

இதற்கெனவே தொழில் நடத்துவோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உளர். ஆயினும் மாத்தளைக் கடைவீதியில் அமர்ந்து சப்பாத்துத் தைப்பவரின் கைத்திறனைக் குறைத்து மதித்தல் தகாது. பிரிந்த தையலை இறுக்குதல், கழன்ற குதிகாலை ஒட்டுதல், அறுந்த பட்டியை மாற்றுதல் ஆகியவற்றை அவர் செவ்வனே செய்வார். பாறையேறுதலுக்குரிய இறப்பர்த் தகட்டை வாங்கிக் கொடுத்து, வேலைமுறையையும் விளக்கினால் அடித்தட்டையும் மாற்ற அவரால் இயலும். கையிற் கிடைக்கும் இறப்பரை ஒட்டச் சொல்வதுதான் தவறு. பழைய டயரை வெட்டி ஒட்டினால் சப்பாத்து நெடுநாள் உழைக்கும். ஆனால் பாறையைப் பற்றாது. பஸ் வண்டியின் டயர் தார்வீதியில் ஆயிரக்கணக்கான மைல் ஓடுவதற்கென ஆக்கப்பட்டது.

இங்கே ஒரு விந்தையும் உண்டு. 1876ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த இறப்பர் நாற்றுக்கள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் மாத்தளைத் தோட்டங்களிலும் பால் சுரக்கின்றன. ஆயினும் பாறையேறும் சப்பாத்தின் அடி பெரும்பாலும் செயற்கை இறப்பர்க் கலவையால் ஆனது. அக்கலவையின் அளவைத் தயாரிப்போர் இரகசியமாகவே காக்கின்றனர். இறப்பர் விளையும் நாட்டில் வாழ்பவரும் இவ்விறப்பரை வெளிநாட்டிலிருந்தே பெறவேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருள்களின் விலை அதனோடு ஏறியது. தோட்டத்து லயத்திலிருந்து பயிற்சிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு, இருக்கும் சப்பாத்தைக் காப்பதும் பயிற்சியைத் தொடர்வதும் ஒன்றே.

தேய்வைக் குறைக்கும் வழிகளும் உள. ஏறும்போது காலைப் பாறையில் இழுத்து உரசாது, பார்த்து ஒரே முறையில் ஓசையின்றி வைக்கப் பழகுதல் முதலாவது. பாறையின் அடிவரை வேறு செருப்பில் நடந்து சென்று, அங்கே சப்பாத்தை அணிதல் இரண்டாவது. மழைக்காலத்தில் நனைந்த சப்பாத்தை அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ வையாது, உள்ளே கடதாசி திணித்து நிழலில் உலர்த்துதல் மூன்றாவது. மிகுந்த வெப்பம் பசையை இளக்கிவிடும். தேங்கிய ஈரம் தோலைப் பூஞ்சணத்துக்கு இரையாக்கும்.

பாறையிலே தொங்கும்போது ஒருவனுடைய பாரம் முழுவதும் சில வேளைகளில் விரலகல இறப்பரின் மேல் நிற்கிறது. ஏறிய பின்னர் அதைப் பற்றி எண்ணிப் பயனில்லை. நிலத்தில் நிற்கும்போதே சப்பாத்தைத் திருப்பி அதன் அடியை ஒருமுறை பார்த்துக்கொள்பவன் செலவையும் குறைக்கிறான், உயிரையும் காக்கிறான்.