பொது நீரூற்று ஒளிப்படவியல்

பொது நீரூற்று ஒளிப்படவியல் என்பது நகரச் சதுக்கங்கள், பூங்காக்கள், அரண்மனைத் தோட்டங்கள் முதலிய இடங்களில் அமைந்துள்ள செயற்கை நீரூற்றுகளை ஒளிப்படமாகப் பதிவு செய்வதைக் குறிக்கும். நிலத்தடியிலிருந்து தானாகப் பெருகும் இயற்கை ஊற்றுகள் இதில் அடங்கா. நீரூற்று ஒவ்வொன்றிலும் அசையாத பகுதி ஒன்றும் அசையும் பகுதி ஒன்றும் உண்டு. கல்லும் வெண்கலமும் தொட்டியும் நூற்றாண்டுகளாக ஒரே நிலையில் இருப்பவை. நீரோ நொடிக்கு நொடி வடிவம் மாறுவது. இவ்விரண்டில் ஒன்றிற்கு ஏற்றவாறு ஒளிப்படக்கருவியை அமைத்தால் மற்றொன்று கெடக்கூடும் என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

வரலாறு

ஒளிப்படக்கலையின் தொடக்க காலத்தில் ஒரு படம் பதிவாகப் பல நொடிகளோ நிமிடங்களோ தேவைப்பட்டன. 1838இல் பாரிசு நகரில் டாகர் எடுத்த புகழ்பெற்ற தெருப் படத்தில், நடமாட்டம் மிகுந்த வீதி ஏறத்தாழ வெறுமையாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். அசைந்தவை எவையும் தகட்டில் பதியவில்லை. அக்காலத்து நீரூற்றுப் படங்களிலும் நீர் ஒரு வெண்புகை போலவே தோன்றும். இன்று பலர் விரும்பிச் செய்யும் "பட்டு போன்ற நீர்" அன்று தவிர்க்க இயலாத குறைபாடாக இருந்தது.

துளியின் உண்மையான வடிவத்தை அறிவதற்கு மிகக் குறுகிய நேர ஒளி தேவைப்பட்டது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன், நீர்த்துளி விழும்போது எழும் சிதறலை மின்பொறியின் ஒளியில் கண்ணால் பார்த்துப் பல ஆண்டுகள் வரைந்துவந்தார். அவ்வரைபடங்கள் ஒழுங்கான சமச்சீர் வடிவங்களாக இருந்தன. 1890களில் அதே சிதறலை ஒளிப்படமாக எடுத்தபோது, உண்மையான துளிகள் ஒழுங்கற்றவை என்பது தெரியவந்தது. கண் கண்டதை மனம் திருத்தி அமைத்திருந்தது. பின்னர் அமெரிக்கப் பொறியாளர் ஹரோல்டு எட்கர்டன் மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்தித் துளிகளை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். பால் துளி ஒன்று மகுடம் போல் எழும்பும் அவரது 1957ஆம் ஆண்டுப் படம் பாடநூல்களில் பரவலாக இடம்பெறுவது.

ஒளிபுகு நேரம்

ஷட்டர் திறந்திருக்கும் நேரமே நீரின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. இதைப் பள்ளி இயற்பியல் கொண்டே கணக்கிடலாம். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, தொட்டியை அடையும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அத்துளி 1 செ.மீ. நகரும், படத்தில் சற்றே நீண்ட முத்தாகத் தெரியும். 1/60 நொடி எனில் ஏறத்தாழ 17 செ.மீ. நகர்ந்து கோடாகிவிடும். அரை நொடி எனில் தனித்துளி என்பதே இராது. நீர் முழுவதும் ஒரு திரையாக மாறும்.

எனினும் எல்லாத் துளிகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. மேல்நோக்கிப் பாயும் தாரை உச்சியை அடையும்போது அதன் வேகம் சுழியமாகிறது. எனவே நடுத்தரமான ஒளிபுகு நேரத்திலும் உச்சியிலுள்ள துளிகள் தெளிவாகவும் கீழுள்ளவை கோடுகளாகவும் பதியும். நீரின் இயக்கத்தைக் காட்டுவதற்கு இக்கலப்பே சிறந்தது எனலாம். 1/60 முதல் 1/250 நொடி வரையிலான இடைவெளி பல நீரூற்றுகளில் இதனைத் தரும். தொலைவும் கணக்கில் சேரும். செனீவா ஏரியின் பெரும் நீர்த்தாரை மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் புறப்பட்டு 140 மீட்டர் உயரம் எழுகிறது. நொடிக்கு 500 லிட்டர் நீர் வெளியேறுகிறது. ஆயினும் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது மெல்ல அசையும் வெண்தோகை போன்றதே. அங்கே 1/250 நொடியே போதுமானது.

நண்பகல் வெயிலில் நீண்ட ஒளிபுகு நேரம் கிடைப்பது அரிது. ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 16 என வைத்தாலும் 1/100 நொடியே கிடைக்கும். ஒரு நொடி வேண்டுமெனில் ஒளியை நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டியும் முக்காலியும் தேவை. தற்காலக் கைப்பேசிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதன் மூலம் இதே விளைவை உண்டாக்குகின்றன. பட்டுத்திரை போன்ற நீர் அழகானதே. ஆனால் அது தன் பின்னுள்ள சிற்பத்தின் முகத்தையும் கைகளையும் மூடிவிடும் என்பதைப் பலர் கருதுவதில்லை.

ஒளியும் வானவில்லும்

வெண்மையான வானத்தைப் பின்னணியாகக் கொண்டால் நீர் மறைந்துவிடும். நிழலிலுள்ள சுவர், அடர்ந்த மரங்கள் போன்ற இருண்ட பின்னணியும், எதிர்ப்புறத்திலிருந்து வரும் கதிரொளியும் அமைந்தால் ஒவ்வொரு துளியும் ஒளிரும். இத்தகைய காட்சியில் கருவியின் ஒளிமானி ஏமாறும்: இருளைக் கண்டு அது படத்தை வெளிற வைக்க, நீரிலுள்ள நுணுக்கங்கள் வெறும் வெள்ளையாகிவிடும். எனவே ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுப்பது வழக்கம். நீர் படத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

வானவில் வேண்டுவோர் கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்றல் வேண்டும். பார்ப்பவரது தலை நிழலின் திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகை விலகி வில் தோன்றும். ஆகவே சமதரையில் நிற்பவருக்குக் கதிரவன் 42 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கையில் வில்லின் உச்சி அடிவானுக்குக் கீழ் சென்றுவிடுகிறது. காலையும் மாலையுமே உகந்த வேளைகள். தொட்டி நீரின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கத் தளவிளைவு வடிகட்டியைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். வானவில்லின் ஒளியும் தளவிளைவு அடைந்ததே. வடிகட்டியைத் தவறான கோணத்தில் திருப்பினால் பளபளப்போடு வானவில்லும் மறையும்.

இரவில் ஒளியூட்டப்படும் நீரூற்றுகளில் சிக்கல் வேறு வகையானது. பார்சிலோனாவில் 1929ஆம் ஆண்டு பன்னாட்டுக் கண்காட்சிக்காகக் கார்லசு பூயிகாசு அமைத்த மொன்யுயிக் நீரூற்றில் வண்ணங்கள் ஓயாது மாறும். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் அவ்வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெளிறிய கலவையாகிவிடும். வானில் நீலம் எஞ்சியிருக்கும் அந்திப் பொழுதில், ஒரு நிறம் நிலைத்திருக்கும் கணத்தை நோக்கிக் காத்திருப்பதே பயன் தரும்.

சொந்த ஊரிலும் பயணத்திலும்

உள்ளூர் நீரூற்றை எடுப்பவருக்குக் காலம் துணை செய்கிறது. மும்பை கோட்டைப் பகுதியில் 1864இல் நிறுவப்பட்ட புளோரா நீரூற்றை அங்கு வாழ்பவர் மழைக்காலத்திலும் கோடையிலும், போக்குவரத்து நெரிசலிலும் விடியற்காலை அமைதியிலும் பார்க்கலாம். 2019இல் முடிவுற்ற சீரமைப்பிற்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். நாள்தோறும் கடந்து செல்லும் ஒன்றை யாரும் படமெடுப்பதில்லை என்பதுதான் இடர்.

பயணிக்கு ஒரு மணி நேரமே கிடைக்கும். ஆகையால் நீர் எப்போது ஓடும் என்பதை முன்னரே அறிந்துகொள்வது இன்றியமையாதது. செனீவாவில் பலத்த காற்று வீசினால் தாரையை நிறுத்திவிடுவர். வெர்சாய் தோட்ட நீரூற்றுகள் பருவ காலத்தில் குறித்த நாட்களில் மட்டுமே முழுமையாக இயங்கும். பதினான்காம் லூயி காலத்திலேயே அங்கு நீர் போதவில்லை. அரசர் நெருங்கும்போது ஊழியர்கள் சீழ்க்கை அடித்து ஒருவருக்கொருவர் தெரிவித்து, அவர் காணும் நீரூற்றை மட்டும் திறந்துவிட்டனராம். உரோமையின் திரேவி நீரூற்று (1762) ஏறத்தாழ 49 மீட்டர் அகலமுடையது; ஆனால் அதன் முன்னுள்ள சதுக்கம் சிறியது. எனவே அகலக் கோண வில்லை தேவைப்படும். கூட்டத்தைத் தவிர்க்க விடியலே வழி. காற்றின் திசையைப் பார்த்து நிற்பதும், வில்லையைத் துடைக்க உலர்ந்த மென்துணி வைத்திருப்பதும் எங்கும் பொருந்தும்.

ஆவணமாக நீரூற்றுப் படங்கள்

உருசியாவின் பீட்டர்கோஃப் அரண்மனைத் தோட்டத்தில் சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலை நடு நீரூற்றாக விளங்கியது. இரண்டாம் உலகப் போரில் செருமானியப் படைகள் அப்பகுதியைக் கைப்பற்றியிருந்த காலத்தில் அச்சிலை காணாமற் போயிற்று. சிற்பி வசீலி சீமனொவ், போருக்கு முன் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களின் துணையுடன் அதனை மீள வடித்தார். 1947இல் நீரூற்று மீண்டும் இயங்கியது. அப்படங்களை எடுத்தோர் பலரும் இத்தகைய பயனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இசுத்தாலின்கிராது (இன்றைய வோல்கோகிராது) நகரில் முதலை ஒன்றைச் சுற்றி ஆறு சிறுவர்கள் கைகோத்து ஆடும் நீரூற்று ஒன்று இருந்தது. 1942 ஆகத்து மாதக் குண்டுவீச்சிற்குப் பின் எம்மானுவில் எவ்செரிகின் எடுத்த படத்தில், நீர் வற்றிய அந்நீரூற்றில் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருக்க, பின்னணியில் கட்டடங்கள் எரிந்து கிடக்கின்றன. 1950களில் நீரூற்று அகற்றப்பட்டது. ஆனால் படம் உலகெங்கும் அறியப்பட்டதால், 2013இல் அதன் மறுவடிவம் அந்நகரில் நிறுவப்பட்டது. இங்கு ஒளிப்படமே நீரூற்றைக் காத்தது என்றால் மிகையாகாது.

ஆவண நோக்கில் எடுப்பவர் அழகிய ஒரு படத்தோடு நின்றுவிடலாகாது. நான்கு புறங்களிலிருந்தும் படங்கள், கல்வெட்டு எழுத்துக்கள், அளவு தெரிய அருகில் ஓர் ஆள், குறுகிய ஒளிபுகு நேரத்தில் எடுத்த ஒரு படம் ஆகியவை தேவை. நீர் நிறுத்தப்பட்ட வேளையில் எடுத்த படம் யாவற்றினும் பயனுடையது. துப்புரவுக்காக வற்றவைத்த தொட்டியைக் கண்டு பயணிகள் ஏமாற்றமடைவது இயல்பு. ஆனால் நீர்க்குழாய்களின் அமைப்பும் சிற்பத்தின் அடிப்பகுதியும் அப்போது மட்டுமே தெரியும்.

பதிப்புரிமை

பொது இடத்தில் இருப்பதனாலேயே ஒரு நீரூற்றின் படத்தை விரும்பியவாறு வெளியிடலாம் என்பதில்லை. புதிய நீரூற்று ஒரு சிற்பியின் படைப்பு. அதன் மீது அவருக்குப் பதிப்புரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, பொதுமக்கள் செல்லும் இடத்தில் நிலையாக வைக்கப்பட்டுள்ள சிற்பத்தை ஒளிப்படமெடுத்து வெளியிடுவதற்கு விலக்கு அளிக்கிறது. ஐக்கிய இராச்சியத்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வாறே. ஐக்கிய அமெரிக்காவில் இவ்விலக்கு கட்டடங்களுக்கு உண்டு, சிற்பங்களுக்கு இல்லை. எனவே சிகாகோவில் 2004இல் திறக்கப்பட்ட, சௌமே பிளென்சாவின் கிரௌன் நீரூற்று போன்றவற்றின் படங்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவது கடினம். அங்கு நீரில் விளையாடும் குழந்தைகளை அருகிலிருந்து படமெடுப்போர் பெற்றோரின் இசைவைப் பெறுதல் முறை. இது சட்டத்தை விட நாகரிகம் சார்ந்தது.

இத்தாலியில் நிலைமை சற்று விந்தையானது. திரேவியை வடிவமைத்த நிக்கோலா சால்வி 1751இல் இறந்துவிட்டதால் பதிப்புரிமை எதுவும் எஞ்சவில்லை; ஆயினும் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுச் சட்டத் தொகுப்பின்படி, அரசு மரபுச் சின்னங்களின் படங்களை வணிக நோக்கில் பயன்படுத்த இசைவு தேவை. பிரான்சில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், தனிநபர்கள் வணிகமல்லாத வகையில் வெளியிடுவதற்கு மட்டுமே இடமளிக்கிறது. பாரிசு பொம்பிடோ மையத்தின் அருகில் 1983இல் அமைக்கப்பட்ட இசுத்திராவின்சுகி நீரூற்றின் சிற்பிகளுள் சான் டிங்கெலி 1991இலும் நிக்கி டி செயின்ட் ஃபால் 2002இலும் மறைந்தனர். சிற்பி இறந்து எழுபது ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், சுழலும் அதன் வண்ண உருவங்கள் 2072ஆம் ஆண்டு இறுதி வரை காப்புரிமையின் கீழ் இருக்கும்.