உங்களுக்குத் தெரியுமா? திருமலைக்கு வந்த பிரதமரும் இந்தியாவில் இல்லாத சட்டமும்

இலங்கையின் மகிந்த ராஜபக்ச 2014 டிசம்பரில் அதிபராகவும், 2020 பிப்ரவரியில் பிரதமராகவும் திருமலைக்கு வந்து ஏழுமலையானை வணங்கினார். பதவியில் உள்ள தலைவரை வேற்று நாட்டு நீதிமன்றம் தொடுவதில்லை என்பது உலக வழக்கம். 2022 மே மாதம் அவர் பதவி விலகியதும் அந்தக் கவசம் பெருமளவு கழன்றது. ஆனாலும் இன்று அவர் திருப்பதிக்கு வந்தால், இனப்படுகொலை என்ற பிரிவில் இங்கே வழக்குப் பதிய வழியில்லை. ஆட்சியாளரும் தண்டனைக்குரியவரே என்னும் 1948 ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையை இந்தியா 1959-இல் ஏற்றது. அதற்கான உள்நாட்டுச் சட்டத்தை மட்டும் இயற்றவில்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான வழக்கில், 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றமே இக்குறையைச் சுட்டியது.

அவரது ஆட்சியில் நடந்த இலங்கை இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு (2011). அரசை எதிர்த்துப் போரிட்ட விடுதலைப் புலிகளின் குற்றங்களையும் அதே அறிக்கை பதிவு செய்தது. அதனால் அரசின் பொறுப்பு குறையவில்லை. இன அழிப்பு நோக்கம் நிரூபிக்கப்படவில்லையே என்பார்கள். உண்மை, அந்த நோக்கம் இருந்ததாக எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. நோக்கத்தை ஆராய வேண்டிய இடமே நீதிமன்றம்தான். அந்த விசாரணையைத்தான் ஈழத் தமிழர்கள் கேட்கிறார்கள். இது இலங்கையின் உள்நாட்டு விவகாரம் என்போர் ருவாண்டாவைப் பார்க்கட்டும். அதன் முன்னாள் பிரதமர் ழான் கம்பண்டா, சொந்த நாட்டு மக்களைக் கொன்றொழித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1998-இல் ஐ.நா. தீர்ப்பாயத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். இந்திய நாடாளுமன்றம் இனப்படுகொலைக்கு எதிரான சட்டத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது.