மாவுப்பூச்சியைப் படிக்கவும் உதவித்தொகை உண்டு

எங்கள் ஜேடர்பாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வாழையும் கரும்பும், மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கும் விளைகின்றன. 2020இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்கும் வந்து குருத்தைச் சுருட்டியது. அதை அடக்க, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

இத்தகைய பணிக்குப் பூச்சியியல், பயிர் நோயியல், நூற்புழுவியல் ஆகியவற்றில் முதுநிலைப் படிப்பு வேண்டும். ஆனால் நம்மிடம் படித்தவர்களில் பலர் பி.எஸ்சி. வேளாண்மையோடு நின்றுவிடுகிறார்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அது இளநிலைப் படிப்புக்கு மட்டும். அதற்கு மேல் என்றால், "இன்னம் ரெண்டு வருசம் படிக்கறதுனா பணத்துக்கு எங்கீங்க சார் போறது?" என்று பெற்றோர் நம்மிடம்தான் கேட்கிறார்கள்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலைச் சேர்க்கைக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு நடக்கிறது. தரவரிசையில் முன்னே வருபவர்களுக்கு மாதம் ரூ.12,640 உதவித்தொகை. அது கிடைக்காவிட்டாலும், அந்தத் தேர்வின் வழியே வெளிமாநில வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்குத் தேசியத் திறன் உதவித்தொகையாக மாதம் ரூ.5,000 உண்டு. பிள்ளையை வெளிமாநிலம் அனுப்பத் தயங்கும் வீடுகளில் இந்த இரண்டாவது வழியை நான் அழுத்திச் சொல்வேன். தேர்வை நான்காம் ஆண்டு படிக்கும்போதே எழுதிவிட வேண்டும். பட்டம் கையில் வந்தபின் விசாரித்தால் ஓராண்டு வீணாகும்.

தாவரவியல் படித்தவர்களுக்கும் கதவு மூடவில்லை. எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் பிரிவில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால், 2023 ஜனவரி முதல் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. பயிர் நோய்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை முதுநிலையிலும் தொடரும். முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்குத் தமிழக அரசின் தனி ஊக்கத்தொகையும் இருக்கிறது. வங்கிக் கடனை நான் கடைசியில்தான் சொல்வேன். வட்டி நம் வீடுகளுக்குப் பெரிய சுமை.

தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் பார்த்துவிட்டே சொல்லுங்கள். சாதிச் சான்றில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நின்றுபோகும். அதைப் பிளஸ் டூவிலேயே, சான்றிதழ்கள் நம் கையில் இருக்கும்போதே சரிபார்த்துவிடலாம்.