ஆங்கிலம் கேட்கும் காது

ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் பகுதிக்குள் நுழைகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விதி இதுதான். நான்கு பாகங்கள், 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம். வாசிப்புத் தாளில் புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம். இங்கே கடந்து போன சொல் கடந்து போனதுதான். முதல் பாகத்தில் இருவர் அன்றாட விஷயம் பேசுவார்கள்: வீட்டு வாடகை, பயிற்சி வகுப்பில் சேர்வது போன்றவை. இரண்டாவதில் ஒருவர் மட்டும் ஓர் இடத்தைப் பற்றியோ ஏற்பாட்டைப் பற்றியோ விளக்குவார். மூன்றாவதில் மாணவர்களும் ஆசிரியரும் விவாதிப்பார்கள். நான்காவது, இடைவிடாத கல்லூரி விரிவுரை. குரல்கள் பிரிட்டனிலிருந்து வரும், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும், நியூசிலாந்து, வட அமெரிக்காவிலிருந்தும் வரும்.

தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ முயல்கிற ஒருவர் இந்தத் தேர்வையோ, மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓ.இ.டி. தேர்வையோ பல நேரம் தாண்ட வேண்டியிருக்கும். செவிலியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பணியைத் தமிழக அரசே தன் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் மூலம் செய்கிறது. 1978-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டலில் தரநிலை 7 வேண்டும். அதற்கு 40-ல் சுமார் 30 விடைகள் சரியாக இருக்க வேண்டும். 2017 நவம்பரிலிருந்து ஓ.இ.டி.யையும் அங்கே ஏற்கிறார்கள். அதன் கேட்டல் பகுதியில் 42 கேள்விகள். முதலில் நோயாளியோடு நடக்கும் இரண்டு உரையாடல்களைக் கேட்டபடியே குறிப்பை நிரப்ப வேண்டும். அதற்கு மட்டும் 24 கேள்விகள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்த மொழி. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக இருந்தது தருமபுரி. வீட்டில் முதலில் படித்த தலைமுறை பாடப்புத்தகத்தில் ஆங்கிலத்தைப் பார்த்தது, எழுதியது, மனப்பாடம் செய்தது. யாரும் அதைப் பேசிக் கேட்கவில்லை. ஆகவே பக்கத்தில் அச்சிட்டிருந்தால் நொடியில் புரியும் வாக்கியம், ஒலியாக வந்தால் புரிவதில்லை. “எனக்கு இங்கிலீஷே வராது” என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. மொழி இருக்கிறது. அது காதுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். போய்ச் சேர்க்க முடியும் என்பதற்கு அறிவியல் இருக்கிறது.

ஒலியைப் பிடிப்பது செவி. அதைச் சொல்லாகப் பிரிப்பது மூளை. அந்த மூளை எந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை மிகச் சின்ன வயதிலேயே தீர்மானித்துக்கொள்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. இந்தியில் நம் தகரம் போன்ற ஒலியும் டகரம் போன்ற ஒலியும் வேறு வேறு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த இரண்டையும் ஒலித்துக் காட்டினார்கள். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதமானபோது பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் போய்விட்டிருந்தது. நமக்குப் பட்டப்பகல் போலத் தெரியும் தகர, டகர வேறுபாடு லண்டன்காரர் காதில் விழுவதில்லை என்றால், அவருக்குத் தெளிவாகக் கேட்பதில் சில நம் காதில் விழாததும் இயல்புதானே. குறை யார் காதிலும் இல்லை.

நம் காது எதை விடுகிறது? முதலில் வல்லின ஒலிகள். தமிழில் பகரம் ஒரே எழுத்து. சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் ஒலி தானாக மாறும். 1856-ல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதை விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் அது இரண்டு தனி ஒலி. குண்டூசிக்கு அவர்கள் சொல்லும் பெயரையும் குப்பைத் தொட்டிக்குச் சொல்லும் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’தான்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1964-ல் லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் என்ற இரண்டு மொழியியலாளர்கள் 11 மொழிகளின் வல்லின ஒலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. உதடு பிரிந்த பிறகு குரல்வளை அதிரத் தொடங்கும் வரை எவ்வளவு இடைவெளி என்பதே அவர்கள் அளந்தது. குண்டூசிச் சொல்லின் முதல் ஒலியைப் போன்ற ஆங்கில ஒலிகளில் அந்த இடைவெளி ஏறக்குறைய 60 முதல் 80 மில்லி நொடி. அந்த நேரத்தில் வாயிலிருந்து ஒரு சின்னக் காற்று வெளியேறும். தமிழ்ப் பகரத்தில் அந்த இடைவெளி மிகச் சிறிது. இதன் விளைவு விசித்திரமானது: ஆங்கிலேயர் குப்பைத் தொட்டியைச் சொல்லும்போது வரும் முதல் ஒலிதான் நம் பகரத்துக்கு நெருக்கமாகிவிடுகிறது. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் கேட்க வேண்டியது அந்தக் காற்று. காற்று வந்தால் குண்டூசி.

சொல்லின் கடைசியில் வேறு உத்தி, அது நமக்கு இன்னும் சாதகமானது. பைக்கும் முதுகுக்கும் அவர்கள் சொல்லும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதினால் இரண்டும் ‘பேக்’. கடைசி ஒலியைக் காதால் துருவ வேண்டியதில்லை, ஏனென்றால் வேகப் பேச்சில் அது முழுதாக வெளியே வருவதே அரிது. வேறுபாடு அதற்கு முந்தைய உயிரில் இருக்கிறது. பை என்ற பொருளில் அந்த உயிர் நீளும். முதுகு என்ற பொருளில் குறுகும். இப்படிக் குறுகிய உயிருக்கும் நீண்ட உயிருக்கும் உள்ள விகிதம் சுமார் 2:3 என்று 1960-ல் பீட்டர்சனும் லெஹிஸ்டும் அளந்து சொன்னார்கள். குறிலையும் நெடிலையும் பிரித்தே சொல்லுக்குப் பொருள் காணும் தமிழ்க் காதுக்கு இது புதிய வேலையே அல்ல. எங்கே கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் போதும்.

தருமபுரிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழும் பேசி வளர்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அந்த இரண்டு மொழிகளிலும் அதிரும் வல்லினமும் அதிராத வல்லினமும் தனித்தனி எழுத்துகள். ஆங்கிலம் வேறுபடுத்தும் விதம் கொஞ்சம் மாறுபட்டாலும், இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது என்ற எண்ணமே பாதி உதவி. பேச்சின் நடுவில் மொழி மாறினாலும் தடுமாறாமல் தொடரும் பழக்கத்தைப் பயிற்சி மையத்தில் காசு கொடுத்து வாங்க முடியாது. அதைப் பிள்ளைகள் தங்கள் பலமாகவே எண்ணுவதில்லை. ஆசிரியர்களாவது எண்ண வேண்டும்.

ஒலிகளைவிடப் பெரிய தடை ஆங்கிலத்தின் நடை. தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதற்குரிய மாத்திரை கிடைக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசைதான் நிமிரும். மற்றவை அதன் நிழலில் சுருங்கும். ‘கப் ஆஃப் டீ’ என்பது ‘கப்பட்டீ’ ஆகும். ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ ‘ஃபிஷன்சிப்ஸ்’ ஆகும். ‘கோயிங் டு’ ‘கனா’வாகச் சுருங்கும். இதைக் கேட்டு அவர்கள் விழுங்கிப் பேசுகிறார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். சொல்லும் சொல்லும் சேரும்போது ஒலி தோன்றும், திரியும், கெடும் என்று புணரியல் எழுதிய மரபு நம்முடையது. குற்றியலுகரம் என்று குறுகிய உயிருக்குத் தனிப் பெயரே வைத்தவர்கள் நாம். ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. அதை எழுத்தில் காட்டமாட்டார்கள். ஆங்கில வகுப்பில் இதைப் புணர்ச்சி என்று சொல்லியே கற்பிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்த ஒன்று பிள்ளைகளுக்கு உடனே கைகொடுக்கும்.

சொல் எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அழுத்தமான அசை வந்தால் அங்கே புதுச் சொல் தொடங்குகிறது என்று தம்மை அறியாமலே ஊகிக்கிறார்கள் என்று ஆன் கட்லர் கண்டறிந்தார். பேச்சில் வரும் பொருளுள்ள சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது அப்படித்தான் தொடங்குகின்றன. நாமும் பயிற்சியில் இதைச் செய்யலாம்: எல்லாச் சொல்லையும் துரத்தாமல், நிமிர்ந்து நிற்கும் அசைகளை மட்டும் பென்சிலால் தட்டிக்கொண்டே கேட்பது.

அழுத்தம் பொருளையே புரட்டும் இடங்களும் உண்டு. முடியும் என்பதற்கு ‘கேன்’. முடியாது என்பதற்கு ‘கேன்ட்’, பிரிட்டனில் ‘கான்ட்’. கடைசி டகரத்துக்காகக் காத்திருப்பவர் ஏமாறுவார், அமெரிக்கர் வாயில் அது பல சமயம் வெடிக்காமலே அடங்கிவிடும். முடியும் என்னும்போது அந்தச் சொல் ‘க்ன்’ என்று சுருங்கி அடுத்த வினைச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். முடியாது என்னும்போது உயிர் முழுதாக, அழுத்தமாக ஒலிக்கும். அதுபோலவே 15-ம் 50-ம். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் கடைசி அசை நீண்டு நிற்கும். ‘ஃபிஃப்டி’யில் முதல் அசை நிமிர்ந்து கடைசி அசை தளரும். மருந்தின் அளவில் இது மதிப்பெண் விஷயம் மட்டும் அல்ல. வாய்மொழியாக வரும் மருந்துக் குறிப்பை ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் பிரித்துத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளும்படி செவிலியர்களுக்குக் கற்பிப்பது இதனால்தான்.

இவ்வளவும் பயின்றாலும் சில ஒலிகள் தவறும். அதனால் பதற வேண்டியதில்லை. 1970-ல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தின் நடுவில் ஓர் ஒலியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலைச் செருகினார். கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றே சொன்னார்கள். மூளை தானே நிரப்பிக்கொண்டது. அப்படி நிரப்ப அதற்கு இரண்டு வேண்டும்: அந்தச் சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும், பேச்சு எதைப் பற்றியது என்ற யூகமும் வேண்டும். ஒலிப்பதிவு தொடங்கும் முன் கேள்விகளைப் பார்க்கக் கொடுக்கும் நேரம் அந்த யூகத்துக்காகத்தான். இங்கே வரப்போவது கிழமையா, விலையா, ஆள் பெயரா என்று ஒவ்வொரு வெற்றிடத்தின் பக்கத்திலும் குறித்துவிட்டால் காது தயாராகிவிடும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். “செவ்வாய்க்கிழமை வாருங்கள்... இல்லை, அன்றைக்கு ஆள் இல்லை, வியாழனாக இருக்கட்டும்” என்கிற மாதிரித் திருத்தங்களைத் தேர்வு வேண்டுமென்றே வைக்கும். முதலில் கேட்டதை எழுதிவிட்டு நிமிர்ந்து உட்காரக் கூடாது.

இனி பயிற்சி முறை. பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: மாதிரித் தேர்வு, விடை சரிபார்ப்பு, மதிப்பெண், மறுநாள் இன்னொரு மாதிரித் தேர்வு. காய்ச்சல்காரருக்கு மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. கேட்டல் வகுப்பு என்ற பெயரில் விடையை மட்டும் சோதிக்கிறோம், விடை ஏன் தவறியது என்று பார்ப்பதில்லை என்று ஜான் ஃபீல்டு 2008-ல் வெளிவந்த தம் நூலில் விரிவாக வாதிட்டிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

மாற்று வழிக்குப் பெரிய செலவு இல்லை. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும் ஒலிப்பதிவு ஒன்றை எடுங்கள். பி.பி.சி.யின் ஆறு நிமிட ஆங்கிலப் பாடங்கள் இலவசம். எழுத்து வடிவமும் தருகிறார்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் முழுதும் கேளுங்கள். பிறகு அரை நிமிடத் துண்டை மட்டும் எடுத்து, நிறுத்தி நிறுத்தி, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். இப்போது எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். தவறிய ஒவ்வோர் இடத்திலும் காரணத்தைக் குறிக்க வேண்டும்: ஒலி பிடிபடவில்லையா, சொல் பிரியவில்லையா, சொல்லே தெரியாதா, கவனம் நழுவியதா? சொல்லே தெரியவில்லை என்றால் மருந்து வாசிப்பு. சொல் தெரிந்தும் பிரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காதில் ஏறும்வரை திரும்பத் திரும்பக் கேட்டு, அதே வேகத்தில் கூடவே சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தக் காரணக் குறிப்புள்ள நோட்டு சில வாரங்களில் உங்கள் காதின் வரைபடமாகவே ஆகிவிடும். தினமும் அரைமணி நேரம் இதற்குப் போதும். மாதிரித் தேர்வு வாரத்துக்கு ஒன்று இருக்கட்டும்.

ஆங்கிலப் படம் பார்த்துப் பழகலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம், திரையின் கீழே தமிழ் வரி ஓடக் கூடாது. 2009-ல் மிட்டரர், மெக்குவீன் இருவரும் நெதர்லாந்துக்காரர்களுக்கு ஆஸ்திரேலிய ஆங்கிலத்திலும் ஸ்காட்லாந்து ஆங்கிலத்திலும் படம் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில வரியோடு பார்த்தவர்களுக்கு அந்த வட்டாரப் பேச்சு பிறகு நன்றாகப் பிடிபட்டது. தாய்மொழி வரியோடு பார்த்தவர்கள் புதிய வாக்கியங்களைக் கேட்டபோது பின்தங்கினார்கள். தாய்மொழி வரி கதையைச் சொல்லிவிடுகிறது. காதுக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஒரே ஆசிரியரின் குரலுக்குப் பழகுவதும் ஆபத்து. ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்கும். அவர்களுக்குப் பயிற்சி அளித்த லைவ்லி, லோகன், பிசோனி ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கண்டார்கள்: பல பேர் குரலில் பயின்றவர்கள் புதிய குரலிலும் பிரித்துக் கேட்டார்கள், ஒரே குரலில் பயின்றவர்களுக்கு அந்தத் திறன் வேறு குரலுக்குக் கடக்கவில்லை. வளர்ந்தவர்களின் காதும் கற்கும் என்பதற்கு இந்த ஆய்வு நல்ல சான்று. ஆகவே ஆண், பெண், முதியவர், இளையவர், சிட்னிக்காரர், எடின்பரோக்காரர் என்று குரல்களை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கருவியிலும் கவனம் வேண்டும். உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஸகரம், ஃபகரம் போன்றவற்றின் அடையாளமோ மெல்லிய, உயர்ந்த அதிர்வெண்களில். இரைச்சலில் அவை எளிதில் மறைந்துவிடும். ஆங்கிலத்தின் பன்மையையும் உடைமையையும் காட்டுவது பல இடங்களில் ஒரு ஸகரம் மட்டுமே, அது விட்டால் விடையும் தவறு. எனவே எழுதிப் பார்க்கும் பயிற்சி அமைதியான அறையில், ஹெட்போனோடு. ஒலியைக் கூட்டி வைத்து ஈடுகட்ட வேண்டாம்: 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. பயிற்சி சூடு பிடித்த பிறகு, இரைச்சலிலும் கேட்டுப் பழகலாம். பிரிட்டிஷ் மருத்துவமனையின் வார்டில் மானிட்டர் ஒலிக்கும், பக்கத்துப் படுக்கையில் யாரோ பேசுவார்கள், லிவர்பூல் பாட்டி ஒருவர் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எங்கே வலிக்கிறது என்று சொல்வார், பிலிப்பைன்ஸ் சகோதரி பணி ஒப்படைப்பார். அங்கே மட்டும் “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.