நரியின் நியாயத்தையும் கேட்போம்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேல்கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். எழுவான்கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்த ஊர் பெரியகல்லாறு. சூரியன் எங்கிருந்து எழுகின்றது என்று அவ்வூர்ச் சிறுவனிடம் வினவினால், "கடலுக்குள்ளிருந்து" என்பான். படுவான்கரைச் சிறுவனோ, "வாவிக்கு அப்பாலிருந்து" என்பான். இருவர் கூற்றும் மெய்யே. நிற்கும் இடம் மாத்திரம் வேறு.

இதனை நாம் நினைத்துக்கொண்டது, அவ்வூரிலே பிள்ளைகள் சிலரின் கட்டுரைக் கொப்பிகளைப் புரட்டிய வேளையிலாகும். பசுவைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் ஒரே பசுவைப் பற்றியே எழுதியிருந்தனர். நான்கு கால், இரண்டு கொம்பு, பால் தரும், சாணம் உரமாகும். எழுத்துப் பிழை அரிது. ஆனால் எழுதிய பிள்ளையையும் அதிலே காணோம். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டாலோ, எந்த விடை நமக்குப் பிடிக்கும் என்றறியப் பிள்ளை நம் முகத்தையே பார்க்கின்றது. பெரியவர்களாகிய நாம் செய்துவைத்த குற்றம் இது.

ஆகவே ஒரு மாலைப்பொழுதில், மூன்றாம் நான்காம் தரத்துப் பிள்ளைகள் சிலரைத் திண்ணையில் இருத்தி, எல்லோரும் அறிந்த வடை சுட்ட பாட்டியின் கதையை எடுத்தோம். புத்தகம் பாட்டி என்றாலும், இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அவள் 'பெத்தா'. கதையை முதலில் காகம் சொல்வதாகச் சொன்னோம்; அடுத்து நரி சொல்வதாகச் சொன்னோம். பின்னர், "யாரிடம் பிழை?" என்று மட்டும் கேட்டோம். நமது அபிப்பிராயத்தை வெளியிடவில்லை. ஆசிரியர் வாய் திறந்துவிட்டால் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். விதி ஒன்றே: எப்பக்கமும் நிற்கலாம், ஆனால் இரண்டாம் வாக்கியம் 'ஏனெனில்' என்று தொடங்கவேண்டும்.

"நரி களவெடுக்கவில்லை. ஏனெனில் காகந்தான் தானாக வாயைத் திறந்தது" என்றான் ஒருவன். "பொய்யாகப் புகழ்ந்து வாங்கினால் அதுவும் களவுதான்" என்று மற்றொருவன் மறுத்தான். ஒரு சிறுமி சொன்னதுதான் நம்மைத் திகைக்க வைத்தது: "காகத்தில் பிழை இல்லை. ஏனெனில் சனிக்கிழமை விரதத்துக்கு நாமே கூப்பிட்டுச் சோறு வைக்கிறோம். மற்ற நாளில் வந்தால் மட்டும் கள்ளன் என்கிறோம்." இதை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து மனனஞ் செய்திருக்க முடியும்?

மேனாட்டார் கதைகளும் இதற்கு உதவும். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைப் பிரான்சிலே சார்ல்ஸ் பெரோ 1697இல் அச்சிட்டபோது, ஓநாய் அவளை விழுங்குவதோடு கதை முடிந்துவிட்டது. ஜேர்மனியரான கிறிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட கதையிலேதான் வேடன் வந்து காப்பாற்றுகின்றான். எம்முடிவு தகும் என்று எழுதச் சொன்னால், எட்டு வயதினரும் காரணத்தோடு வாதிடுவர். மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை ஓநாயின் வாயாலேயே சொல்லும் நூலொன்றை அமெரிக்கரான ஜோன் செஸ்கா 1989இல் வெளியிட்டார். தான் ஊதி வீட்டைச் சாய்க்கவில்லை, தடிமனால் தும்மியதே அப்படியாயிற்று என்பது அந்த ஓநாயின் வாதம்! நம்புவதா இல்லையா என்பதைப் பிள்ளையே எழுதட்டும்.

"கள்ளனுக்கும் நரிக்கும் வக்காலத்து வாங்கப் பழக்குவதா?" என்று பெற்றோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு விடை நம் பகுதிக் கோயில்களிலேயே உண்டு. வைகாசிச் சடங்கிலே கண்ணகி வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாண்டியன் கொடியவனல்லன், பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுக் கோவலனை வினவாது விட்டான். மறுபக்கம் அவன் செவிக்கு எட்டியபோது சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தது, காலமோ கடந்துவிட்டது. ஒரு பக்கத்தைக் கேட்டு இன்னொரு பக்கத்தைக் கேளாதவன் கூறிய தீர்ப்பு அது. நரியைக் கேட்பது நரியை விடுதலை செய்வதற்காக அன்று. கேட்டபின்பும் "நீ செய்தது பிழை" எனலாம்; அப்போதுதான் அச்சொல்லுக்குப் பெறுமதி உண்டு.

கொம்புமுறி விளையாட்டிலே கோவலன் பக்கம் வடசேரி என்றும், கண்ணகி பக்கம் தென்சேரி என்றும் ஊரே இரண்டாகப் பிரிந்து வசை பாடி மகிழ்ந்ததையும் முதியோர் அறிவர். வகுப்பில் ஒன்று மட்டும் கூட்டிக்கொள்ளலாம்: வாதம் முடிந்ததும் கட்சி மாறி எழுதச் சொல்லவேண்டும். காகத்தின் பக்கம் நின்றவன் நரிக்காக மூன்று வரி எழுதட்டும். மிகச் சிறியோர் படம் வரைந்து அதன் கீழ் ஒரு வரி எழுதினாற் போதும். புள்ளியிடும்போது எந்தப் பக்கம் நின்றான் என்று பாராது, காரணம் பொருந்துகின்றதா என்பதையே பார்க்கவேண்டும். இது எளிதன்று, நமக்குப் பிடியாத கருத்துக்கு நிறையப் புள்ளி வழங்கும்போது சிவப்புப் பேனா சற்றே தயங்கத்தான் செய்கின்றது.

மறுநாட் காலை அச்சிறுமி மீண்டும் வந்தாள். வீட்டிலே தன் பெத்தாவிடமும் இக்கதையைச் சொல்லிக் கேட்டாளாம். கிழவி சிரித்துவிட்டு, "காகத்திடமும் கேட்டீர்கள், நரியிடமும் கேட்டீர்கள். நெருப்படியில் இருந்து சுட்டவளிடம் ஒருவரும் கேட்கவில்லையே" என்றாளாம். கொப்பியைப் பிரித்து, மூன்றாவது கதையை எழுதத் தொடங்கினாள் சிறுமி.