முயல் தின்னாமல் கிடந்தால் சும்மா விடாதீர்கள்

தோட்டப்புறத் தோழர்களே! லயத்துப் பிள்ளைகள் கோழிக்குஞ்சோடு முயலும் வளர்க்கிறார்கள். வளர்க்கட்டும். ஆனால் ஆடு வலித்தால் கத்தும். முயல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

காலையில் பெரட்டுக்குக் கிளம்புமுன் கூண்டுக்கு அடியில் பாருங்கள். புழுக்கை நிறையக் கிடந்தால் கவலையில்லை. புழுக்கை நின்று, தீனியையும் தொடாவிட்டால் குடல் வேலைநிறுத்தம் செய்துவிட்டது என்று அர்த்தம். நம் வேலைநிறுத்தம் மாதிரி பேச்சுவார்த்தைக்கு நாள் கிடைக்காது. 12 மணி நேரம் அப்படிக் கிடந்தாலே உயிருக்கு ஆபத்து.

என் வீட்டிலேயே நடந்தது. சின்ன மகளின் முயல் தும்மியது. எனக்கு வாங்கிய அமோக்சிசிலின் மிச்சமிருந்தது. கரைத்து வாயில் ஊற்றினேன். கழிச்சல் கண்டு மூன்றாம் நாள் செத்துப்போச்சு. பெனிசிலின் வகை மருந்து வாய்வழி போனால் முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்துவிடும் என்று மிருக வைத்தியர் அப்புறம்தான் சொன்னார். பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது?

முயலின் பல் சாகும்வரை வளரும். புல்லை மென்றால்தான் தேயும். ரொட்டியும் சோறுமே போட்டால் பல் நீண்டு, எச்சில் ஒழுகி, பட்டினி கிடக்கும். புல் அறுங்கள்; களைக்கொல்லி அடித்த நிரையில் மட்டும் வேண்டாம். எங்கே அடித்தது என்று மருந்தடிக்கும் பெண்களைக் கேளுங்கள், மண்டோரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

தகரக் கூரைச் சூடும் ஆகாது, முயலுக்கு வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிழலுக்குத் தூக்கி, காதை ஈரத்துணியால் துடையுங்கள். காதுக்குள் பக்குக் கட்டினால் அது சொறிப்பூச்சி. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை ஊற்றாதீர்கள், முயலைக் கொன்றுவிடும். மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் காட்டுங்கள்.